கணுக்கால் தண்ணீரில் ஒரு கூட்டம்

நான் வார்டு உறுப்பினர் ஆனதற்கு என் ஜெராக்ஸ் கடைதான் காரணம். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில் பாதித் தூரத்தில் உள்ளே திரும்பினால் எங்கள் ஊர். திருப்பத்திலேயே, பேருந்து நிறுத்தத்தை ஒட்டி என் கடை. ஆதார், குடும்ப அட்டை, பட்டா, பத்திரம் என்று ஊரில் என் இயந்திரத்தில் படுத்து எழாத காகிதமே கிடையாது. எங்கள் வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டபோது, தலைவர் பதவிக்கு நின்ற அக்கா நேராகக் கடைக்கு வந்தார்.

"எல்லாருக்கும் உன்னத் தெரியும். நீ நில்லு," என்றார்.

நின்றேன். என்னை எதிர்த்து நின்றவரும் தன் மனுவை என் கடையில்தான் தட்டச்சு செய்யக் கொடுத்தார். ஒரு பிழை இல்லாமல் அடித்துக் கொடுத்தேன். அப்படியும் நான்தான் ஜெயித்தேன்.

அக்காவும் ஜெயித்தார். நான்கு மாடுகளும் இரண்டு லோடு வண்டிகளும் வைத்திருக்கிற குடும்பம். பதவியேற்ற முதல் நாள் அவருடைய கணவர், பெண் தலைவர்களின் கணவர்கள் வழக்கமாகச் செய்வதுபோல, தலைவர் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். அக்கா வாசலில் நின்றபடியே, "ஏங்க, வண்டிக்கு லோடு கீது, எடுத்துகினு கெளம்புங்க," என்றார். அவர் எழுந்து போனார். அதற்குப் பிறகு அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்காரவில்லை.

தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், குப்பை வண்டி, இவ்வளவுதான் ஊராட்சியின் வேலை என்று நினைத்திருந்தேன். போன பிறகுதான் தெரிந்தது, எங்களிடம் அதிகம் வருவது வீடுதான். மாடி எடுக்கிறவர்கள், சுற்றுச்சுவர் கட்டுகிறவர்கள், பக்கத்து வீட்டுச் சன்ஷேடு தன் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளவு நாடாவோடு வருகிறவர்கள். செங்கல்பட்டும் சிங்கப்பெருமாள் கோயிலும் நிரம்பி வழிய வழிய, எங்கள் பக்கம் நிலம் தேடுகிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். அப்படி வந்ததுதான் அந்த மனைப்பிரிவு.

ஏரிக்குக் கீழே, சாலையை ஒட்டி, பல வருடமாகப் பயிர் வைக்காமல் கிடந்த நிலம் அது. சென்னையிலிருந்து ஒரு கம்பெனி வாங்கி மனை போட்டது. வரைபடத்துக்கு மாவட்டத்தில் இருக்கிற மேல் அலுவலகத்தில் அனுமதி வாங்கிவிட்டார்கள். மிச்சம் இருந்தது எங்கள் வேலை. மனைப்பிரிவுக்குள் வரும் சாலைகளையும் பூங்கா இடத்தையும் அவர்கள் ஊராட்சியின் பெயருக்குத் தானமாக எழுதித் தர வேண்டும். ஏற்றுக்கொள்கிறோம் என்று நாங்கள் தீர்மானம் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் இறுதி அனுமதி. ஊராட்சிச் செயலர் இதை விளக்கியபோது, எல்லாம் முடிந்துபோன கல்யாணத்தில் நாங்கள் அட்சதை போடப் போகிறோம் என்பது போலத்தான் இருந்தது.

கம்பெனியின் மேனேஜர் ஒரு இனிப்புப் பெட்டியோடும் சுருட்டிய வரைபடத்தோடும் வந்தார். முப்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, வெள்ளை ஷூ. எல்லோரையும் மேடம், சார் என்றார். வரைபடத்தை மேசையில் விரித்ததும் நாங்கள் அத்தனை பேரும் குனிந்து பார்த்தோம். மஞ்சள் கட்டங்கள் மனைகள். சாம்பல் நிறம் சாலை. பின்பக்கம் ஒரு பச்சைச் சதுரம், அது பூங்கா. கூடவே ஒரு கம்ப்யூட்டர் படம்: பூங்காவில் குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் சட்டையிலும் ஒரு கறை இல்லை.

"நம்ம ஊர்லயா இது?" என்றார் ஒன்றாம் வார்டுக்காரர். லாரி ஓட்டுகிறவர். திருச்சி வரைக்கும் சாலையில் எந்த இடத்தில் குழி என்று சொல்லக்கூடியவர். அவருக்கே அந்தக் காகிதத்தில் தன் ஊர் அடையாளம் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. கட்டம் கட்டமாகப் பிரித்து நிறம் அடித்துவிட்டால், தினமும் கடந்து போகிற இடம்கூட எங்கேயோ இருக்கிற இடம் போல ஆகிவிடுகிறது. அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போட்டுவிடலாம் என்று பேசி, இனிப்பு சாப்பிட்டுக் கலைந்தோம்.

இதில் எனக்கு ஒரு சொந்த விஷயமும் இருந்தது. என் நாத்தனார், கணவருடைய தங்கை, படூரில் வாடகைக்கு இருந்தாள். அவள் வீட்டுக்காரருக்கு அங்கே ஒரு கல்லூரியில் அலுவலக வேலை. வருடத்துக்கு ஒரு அடுக்குமாடி, ஒவ்வொன்றிலும் ஒரு லிஃப்ட் பிரச்சினை என்று அலுத்துப் போயிருந்தவள், அண்ணன் ஊரிலேயே மனை வருகிறது என்று கேள்விப்பட்டதும் ஓடி வந்து முன்பதிவு செய்தாள். ஏழாம் எண். சாலையைப் பார்த்த மூலை மனை, கிழக்குப் பார்த்த வாசல். தினமும் போன் செய்வாள்.

"அண்ணி, பூஜை ரூம் எந்தப் பக்கம் வெக்கலாம்?"

"மொதல்ல தீர்மானம் வரட்டும்மா."

"அதான் நீங்க கீறீங்களே."

நான் இருக்கிறேன் என்பதில் எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கூட்டத்தில் எல்லோருக்கும் கொடுப்பதற்காக அந்த வரைபடத்தைப் பெரிய தாளில் நகலெடுத்துக்கொண்டிருந்தேன். கணவர் எதிரில் நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். தொழிற்பேட்டைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். இயந்திரத்திலிருந்து வெளியே வந்து விழுந்த தாள் அவர் பக்கம் தலைகீழாகக் கிடந்தது.

"இது நான் மழைல ரிவர்ஸ் எடுக்கிற எடமாச்சே," என்றார்.

"எது?"

டீ டம்ளரின் அடியால் காட்டினார். "இதோ, ரோடு வளையுது பாரு. கலங்கல் தண்ணி குறுக்க வந்துடும், வண்டிய எறக்க முடியாது. போன வருசம் அரை மணி நேரம் அங்கயே நின்னுகினு இருந்தேனே."

அவருடைய டம்ளர் வைத்த ஈர வட்டம் சரியாக ஏழாம் எண் மனையைச் சுற்றி விழுந்திருந்தது.

தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். அப்போதுதான் ஊர் தெரிந்தது. ஏரி அங்கே. நிரம்பினால் தண்ணீர் வழிந்து இறங்கும் கலங்கல் அங்கே. அங்கிருந்து தண்ணீர் அந்த நிலத்தின் முன்பக்கத் தாழ்வில் பரவி, சாலையைத் தாண்டி, எதிர்ப்பக்கச் சிறு பாலத்தில் இறங்கிப் போகும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் இரண்டு மூன்று தடவை இது நடக்கும். அது வாய்க்கால் என்று எந்தப் பதிவிலும் இல்லை, தனியார் பட்டா நிலம். அனுமதி கொடுத்தவர்கள் வெயில் காலத்தில் வந்து பார்த்தபோது அங்கே முள்செடிதான் இருந்திருக்கும். பின்பக்கம் இருந்த பாறை மேட்டில் வீடு கட்டச் செலவாகும் என்று அதைப் பூங்காவாக்கிவிட்டு, தாழ்வான முன்பக்கத்தில் விலை கூடிய மனைகளைப் போட்டிருந்தார்கள்.

அன்றைக்கே தலைவரிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. நாத்தனாரையாவது கூப்பிட்டிருக்க வேண்டும். அதையும் செய்யவில்லை. ஒரு வாரம் அந்தத் தாளை மேசை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு, ஊர்க்காரர்களின் ரேஷன் அட்டைகளை மும்முரமாக நகலெடுத்தேன். அவள் போன் செய்தால், "கடைல கூட்டம்," என்று வைத்துவிடுவேன். மண் கொட்டி மேடாக்கிக்கொள்வார்கள், அவ்வளவுதானே என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மேடாக்கினால் தண்ணீர் எங்கே போகும் என்ற அடுத்த கேள்வி உடனே வந்து நிற்கும். ஒன்றாம் வார்டுத் தெருவுக்குள்தான் போகும். அங்கே எல்லாம் படி இல்லாத வீடுகள்.

கூட்டத்தன்று செயலர் தீர்மானத்தை வாசித்தார். நானே என் கடையில் அடித்துக் கொடுத்த தீர்மானம்தான். 'ஏகமனதாக' என்ற சொல் வரைக்கும் வந்துவிட்டார்.

"ஒரு நிமிஷம்," என்றேன்.

சொன்னேன். கலங்கல் தண்ணீர் போகிற வழியைத் தாளில் விரலால் காட்டினேன். ஒன்றாம் வார்டுக்காரர் வரைபடத்தை இழுத்துத் தன் பக்கம் திருப்பினார், பிறகு இன்னொரு தடவை திருப்பினார். "அட, ஆமாம்பா. இது நம்ம பாலம் கீற எடம்," என்றார்.

மேனேஜர் பொறுமையாகப் பதில் சொன்னார். "மேடம், ரெக்கார்டுல வாய்க்கால் எதுவும் இல்ல. அனுமதி வந்தாச்சு. நாங்க நாலு அடி ஃபில்லிங் பண்றோம்."

"நாலு அடி நீ கொட்டினா தண்ணி என் தெருவுக்கு வரும்," என்றார் ஒன்றாம் வார்டுக்காரர்.

"அதுக்கு ப்ரூஃப் இருக்கா சார்?"

தலைவர் அக்கா சன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். புரட்டாசி முடிகிற நேரம். "ப்ரூஃபு தானே, வந்துகினு கீது. இந்தத் தீர்மானத்த அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வெய்ங்க. மழை பேஞ்சதும் எல்லாரும் ஒரு எட்டு அங்க போய்ப் பாத்துட்டு வருவோம்," என்றார்.

இரண்டு வாரம் கழித்து மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்குக் கணவர் பஸ்ஸிலிருந்து போன் செய்தார். "ரிவர்ஸ் எடுத்துகினு கீறேன்," என்றார். அவர் வைத்ததும் தலைவர் கூப்பிட்டார்: "பொடவையத் தூக்கிக் கட்டிகினு வா."

போனபோது தூறல்தான். கலங்கல் வழியத் தொடங்கியிருந்தது. எல்லைக் கற்களின் தலை மட்டும் தண்ணீருக்கு மேல் மஞ்சளாகத் தெரிந்தது. மேனேஜர் காரைத் தூரத்தில் நிறுத்திவிட்டு, ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பேண்ட்டைச் சுருட்டி இறங்கி வந்தார். வராமல் இருந்திருக்கலாம். வந்தார், அதைச் சொல்ல வேண்டும். செயலர் தீர்மானப் புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மார்போடு அணைத்திருந்தார். கூட்டம் அலுவலகத்தில்தான் நடக்க வேண்டும், இதைக் கள ஆய்வு என்று எழுதிக்கொள்ளலாம் என்று எல்லோரிடமும் தனித்தனியாகச் சொன்னார்.

கணுக்கால் அளவு தண்ணீரில் இறங்கி நடந்தோம். தரை எங்கே இறங்குகிறது என்று காலுக்குத் தெரிந்தது. சட்டென்று தலைவர் நின்றார். அவருடைய இடது கால் செருப்பு சேற்றில் மாட்டிக் கழன்று, மிதந்து மேலே வந்து, கிளம்பிவிட்டது.

ஒன்றாம் வார்டுக்காரர் பிடிக்கப் போனார்.

"உடு, எங்க போவுதுன்னு பாக்கலாம்," என்றார் தலைவர்.

எல்லோரும் நின்று பார்த்தோம். அது நீல ரப்பர் செருப்பு. பன்னிரண்டாம் மனைக்குள் நுழைந்தது. ஒரு முள்செடியில் தட்டி ஒரு சுற்றுச் சுற்றியது. வரைபடத்தில் முப்பதடிச் சாலை என்று போட்டிருந்த இடத்தைக் குறுக்காகத் தாண்டியது. ஏழாம் எண் கல்லை உரசிக்கொண்டு போய், தார்ச்சாலை மேல் வழிந்த தண்ணீரோடு ஏறி இறங்கி, எதிர்ப்பக்கப் பாலத்துக்குள் போய் மறைந்தது. என்னிடம் வரைபட நகல் ஒன்று பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. உறை மேலேயே மார்க்கர் பேனாவால் அது போன வழியைக் கோடாகப் போட்டேன். மேனேஜர் பக்கத்தில் வந்து பார்த்தார்.

"கொஞ்சம் லெஃப்ட்ல வளைஞ்சுது மேடம்," என்றார். திருத்தினேன்.

செயலர் மெதுவாகக் கேட்டார்: "செருப்பு விஷயத்த மினிட்ல எழுதணுமா?"

"வேணாம். தண்ணி போற வழின்னு எழுது," என்றார் தலைவர், ஒற்றைச் செருப்போடு.

அப்போதுதான் சாலையோரம் ஸ்கூட்டரில் என் நாத்தனாரும் அவள் கணவரும் வந்து நின்றதைப் பார்த்தேன். அந்தக் கூட்டம் முடிந்ததுமே மேனேஜர் முன்பதிவு செய்தவர்களுக்குத் தகவல் சொல்லியிருக்கிறார், இன்று காலையும் கூப்பிட்டிருக்கிறார். மழைக்கோட்டுத் தொப்பிக்குள்ளிருந்து அவள் ஏழாம் எண் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தண்ணீரை விட்டு ஏறிப் பக்கத்தில் போனேன்.

"வருசா வருசம் இப்படித்தானா அண்ணி?"

"ரெண்டு மூணு வாட்டி வரும்."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்லத் தோன்றியது. "அந்தக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னாடி," என்றேன்.

"ஒரு வாரமா நான் பூஜை ரூம் எங்க வெக்கலாம்னு கேட்டுகினு இருந்தேன். நீங்க கடைல கூட்டம்னு சொல்லிகினு இருந்தீங்க."

மனை போனதற்குக்கூட அவள் அவ்வளவு கோபப்படவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. முதலில் தன்னிடம் சொல்லாமல், சபையில் சொல்லி, அதை ஒரு அந்நியர் வாயால் கேட்க வைத்தேனே, அதற்குத்தான். ஸ்கூட்டரைத் திருப்பச் சொன்னாள். போய்விட்டார்கள்.

அன்று மதியமே, ஈரப் புடவைகளோடு, ஊராட்சி அலுவலகத்தில் கூட்டம் நடந்தது. மேனேஜர் மறுபடியும் முறையாகத்தான் பேசினார். மேல் அலுவலகத்தில் அனுமதித்ததை ஊராட்சி மாற்ற முடியாது என்றார். செயலரும் அது சரிதான் என்று தலையாட்டினார்.

"மாத்த வேணாம்," என்றார் தலைவர். "ரோட்டையும் பார்க்கையும் எங்க பேருக்குத் தானமா எழுதித் தரீங்க இல்ல? குடுக்கறது உங்க இஷ்டம். வாங்கிக்கறது எங்க இஷ்டம். தண்ணிக்குள்ள கீற ரோட்ட நாங்க இன்னாத்துக்கு வாங்கிக்கணும்? நாளைக்கு அது ஒடைஞ்சா நாங்கதானே போடணும்?"

அட்சதை போட மட்டும்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்திருந்த நாங்கள் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். வரைபடத்தைத் திருத்தி, முன்பக்கத் தாழ்வைப் பூங்காவாக விட்டு, தண்ணீர் போக வழி வைத்து, மனைகளைப் பின்பக்க மேட்டுக்குக் கொண்டுபோனால் ஏற்றுக்கொள்வோம் என்று தீர்மானம் எழுதினோம்.

"பார்க்குல தண்ணி நின்னா அது பார்க்கா மேடம், குளமா?" என்றார் மேனேஜர், கடைசி முயற்சியாக.

"மூணு மாசம் குளம், ஒம்போது மாசம் பார்க்கு. எங்க ஊருக்கு ரெண்டும் வேணும்," என்றார் தலைவர்.

மேனேஜர் சிரித்துவிட்டார்.

திருத்திய வரைபடம் மேலே போய், ஆட்கள் மறுபடி வந்து அளந்து, திரும்பி வர மாதங்கள் ஆயின. இடையில் எங்களைத் திட்டியவர்களும் உண்டு. முன்பக்க மனை வாங்கியிருந்த ஒருவர் என் கடை வாசலில் நின்று, "நீங்கள்லாம் ஊர முன்னேற உட மாட்டீங்க," என்று சத்தம் போட்டுவிட்டு, வந்த வேலையான இரண்டு நகல்களையும் எடுத்துக்கொண்டு போனார். கடைசியில் புது வரைபடம் வந்தது. முன்பக்கம் பச்சை. அதன் நடுவே நீலமாக ஒரு கோடு, லேசாக இடது பக்கம் வளைந்து. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பூங்காவைப் பார்த்த மனைகளைக் கம்பெனி 'ஏரிக்காற்று மனைகள்' என்று விளம்பரம் போட்டு விற்றது. அந்த விளம்பரத் தாளையும் என் கடையில்தான் அச்சடித்தார்கள்.

நாத்தனார் இரண்டரை மாதம் என்னோடு பேசவில்லை. அண்ணனுக்குப் போன் செய்வாள், நான் எடுத்தால், "அண்ணன் கிட்ட குடுங்க," என்பாள். உறவில் ஒரு வளைகாப்பில் எனக்குச் சாதம் பரிமாறினாள், இலையைப் பார்த்தபடியே. பொங்கலுக்கு மறுநாள் நானே படூருக்குப் போனேன். லிஃப்ட் வேலை செய்யவில்லை. நான்கு மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் நின்றேன்.

"உன் கிட்டதான் மொதல்ல சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். தப்புதான்," என்றேன்.

கதவை முழுக்கத் திறந்தாள். பிறகு, "உள்ள வாங்க, நிக்க முடியாம நிக்கிறீங்க," என்றாள். காபி கொடுத்தாள். முழுசாகச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். புது வரைபடம் வந்ததும் பின்பக்க மேட்டில் முப்பத்தொன்றாம் மனையை எடுத்துக்கொண்டார்கள். வடக்குப் பார்த்த வாசல், பாறையை உடைக்கக் கூடுதல் வேலை. இன்றைக்கும் யாராவது புதிதாக வந்தால், "என் மூலை மனைய பார்க் ஆக்கினது எங்க அண்ணிதான்," என்று அறிமுகம் செய்வாள். அதில் எவ்வளவு குற்றச்சாட்டு, எவ்வளவு பெருமை என்று எனக்கு அளக்கத் தெரியவில்லை.

போன மாதம் அவளுடைய வீட்டு வரைபடம் அனுமதிக்காக ஊராட்சிக்கு வந்தது. இந்தத் தடவை நான் கூட்டம் வரை காத்திருக்கவில்லை. தாள் மேசைக்கு வந்த பத்தாவது நிமிடம் போன் செய்தேன்.

"வண்டி ஏத்தற சாய்தளம் ரெண்டடி ரோட்டுல வருதும்மா."

எதிர்முனையில் ஒரு நீண்ட பெருமூச்சு. "ஆரம்பிச்சிட்டீங்களா?"

"கூட்டத்துல சொல்றதுக்கு முன்னாடி உன் கிட்ட சொல்றேன்."

"ரெண்டடி இன்னா அண்ணி, மேட்டு மேல யாரு வரப் போறா?"

"அந்த ரோடு இப்ப ஊராட்சியோடது."

பின்னால் அவள் கணவர் ஏதோ சொல்வதும், இவள் அவரை அதட்டுவதும் கேட்டது. பிறகு, "சரி, உள்ள தள்ளிப் போடச் சொல்றேன். நாளைக்குப் புது வரைபடம் எடுத்துகினு வரேன், கடைய சீக்கிரம் சாத்திடாதீங்க," என்றாள்.